மூடாத உப்பு

"...இவ்வளவு நேரமும் குழாயக் கண்ணுல வச்சிக்கிட்டு என்னத்தப் பாத்திய? மார்கழியில எவனாவது உப்ப மூடாமப் போடுவானா?" என்று சித்தி கேட்டபோது, சித்தப்பாவும் நானும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் புத்தளம் உப்பளத்து வரப்பில் விடிந்ததிலிருந்து நிற்கிறோம்; நாக்கை நீட்டினால் காற்றே கரித்தது. சித்தப்பா வளைகுடாவில் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வந்து இறங்குவார், திரும்பும்போதும் அப்படியே. இந்தப் பக்கம் குளிர்காலத்தில் எப்போதாவது பூநாரை வந்துபோகும் என்று கேள்விப்பட்டு மூன்று லீவாக அலைந்தும் ஒரு சிறகைக்கூட அவர் கண்டதில்லை. மறுநாள் விமானம். கடைசி நாளையும் பறவைக்கே கொடுத்துவிட்டாரே என்ற கடுப்பில், "கொக்குக்கு ஒண்ணே மதி, இவருக்கும் ஒண்ணே மதி" என்று முனகிக்கொண்டுதான் சித்தி கட்டுச்சோற்றோடு கூட வந்தாள்.

எனக்கோ எல்லாமே புதுசு. சேற்றில் ஓட்டமும் நடையுமாகக் கொத்தித் தின்னும் உள்ளான், தண்ணீரில் தலைகுப்புற விழும் ஆலா என்று ஒவ்வொன்றையும் காட்டி, "இதா சித்தப்பா?" என்று கேட்பேன். "இது வருசாவருசம் வாறது மக்கா" என்பார். தூரத்து வரப்புக்கு அப்பால் வெள்ளைவெள்ளையாகத் தெரிந்தவற்றையும் காட்டினேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, "அது உப்பு" என்று பைனாகுலரை வேறு திசைக்குத் திருப்பிவிட்டார்.

சித்தி அளத்தில் வேலைசெய்தவர்கள் வீட்டில் பிறந்தவள். ஐப்பசி மழை இறங்கினால் அளத்தில் வேலை நிற்கும். வாரிக் குவித்த உப்பின்மேல் பனையோலை வேய்ந்து மூடிவிடுவார்கள். எங்கள் பக்கத்திலேயே குடிசைகள் மாதிரி பழுப்பாகக் கிடந்தன அந்தக் குவியல்கள். அப்படியென்றால் அங்கே வெள்ளையாக இருப்பது?

சித்தப்பா பைனாகுலரைத் திருப்பினார். கால்களை வரப்பு மறைக்க, கழுத்தை இறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு 'குவியல்' மெல்லக் கழுத்தை அவிழ்த்தது. சிறகை விரித்தபோது உள்ளே செக்கச்செவேல். "ஏட்டி... ஏட்டி..." என்று சித்தியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பைனாகுலரைச் சித்தி பிடுங்கிக்கொண்டாள். "தலைகீழால்ல திங்கு! மூக்கு ஏன் இப்பிடி வளைஞ்சு கெடக்கு?" சோற்றை அவிழ்க்கவும் மறந்து அவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்று அந்த அளத்தில் பாதியை மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். மிச்சத்தில் உப்பை மூட நீலத் தார்ப்பாய்தான், ஓலையைக் காணோம். பூநாரை சில வருடம் வருகிறது, சில வருடம் இல்லை. மார்கழியில் அந்த வழியே பஸ்ஸில் போனால், வெள்ளையாகத் தெரியும் எதையும் நான் இரண்டு தரம் பார்க்கிறேன்.

அன்று பூநாரையைப் பார்த்த மறுநாள், பெட்டி கட்டும்போது சித்தப்பா பைனாகுலரைத் தேடினார். "பூநாரை இங்கதான வருது? அங்க எதுக்கு அது? பாக்கணும்னா அடுத்த மார்கழிக்கு வாங்க" என்று சொன்ன சித்தி, அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.