மரகதத்துக்கு நான் சொல்லாத பாதி

1. முதல் கிளினிக்

மிட்வைஃப் பயிற்சி முடித்த கையோடு என்னை வெல்லாவெளிப் பக்கம் போட்டார்கள். அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. ஆரையம்பதியில் வளர்ந்த எனக்கு வாவிக்கு மேற்கே எல்லாமே புது இடம். வியாழக்கிழமைகளில் ஓர் ஓலைக் கொட்டிலில் கர்ப்பிணிகள் கிளினிக். நிறை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, வயிறு தொட்டுப் பார்ப்பது, இரும்புக் குளிசை கொடுப்பது, கார்ட் எழுதுவது. இவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்ட வேலை.

முதல் நாளே, எல்லோரும் போன பிறகு இரண்டு பெண்கள் நின்றார்கள். அக்காவும் தங்கையும். தங்கை மரகதத்துக்குத் தலைப்பிள்ளை, நாலு மாதம். அக்கா கர்ப்பிணி இல்லை. மறைப்புச் சீலைக்குப் பின்னால் வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மிஸி, எனக்கு அடி இறங்கிற்று. நாலு வருசமாகுது."

பார்த்தேன். கருப்பை வெளியே வந்திருந்தது. துணியை உருட்டி உள்ளே வைத்து, மேலே கச்சை கட்டியிருந்தாள். துணி உரசிய இடமெல்லாம் புண். வயது முப்பதுகூட இல்லை, ஐந்து பிள்ளை.

"இதோடயா வயலுக்குப் போறீங்க?"

"துணி வச்சா நடக்கலாம் மிஸி. நெல்லு மூட்டை தூக்கக்குள்ளதான் கஷ்டம்."

பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்ததும் மரகதம் என் கையைப் பிடித்தாள். "அக்காக்கு வந்த மாதிரி எனக்கும் வருமா மிஸி?"

"வராமப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். இருபத்து மூன்று வயதில் அப்படித்தான் சொல்ல வரும்.

2. பெட்டிசம்

பயிற்சிக் காலத்தில் ஒரு வயதான சிஸ்டர் எங்களுக்கு அடி இறங்காமல் இருக்கச் சில பயிற்சிகள் சொல்லித் தந்திருந்தார். பாடப்புத்தகத்தில் அவற்றுக்கு அரைப்பக்கம்தான் இருந்தது. அடுத்த வியாழன் எட்டுப் பெண்களைப் பாயில் உட்கார வைத்துத் தொடங்கினேன்.

"மூத்திரத்தை இடையில அடக்குவீங்கதானே, அதுபோல உள்ளுக்க இழுத்துப் பிடிங்க. அஞ்சு எண்ணுங்க. மூச்சை அடக்கக் கூடாது. மறுகா மெல்ல விடுங்க."

சிரிப்புத் தாங்கவில்லை அவர்களுக்கு. ஒருத்தி முந்தானையால் முகத்தையே மூடிக்கொண்டாள். மரகதம் மட்டும் சிரிக்கவில்லை.

"சோறாக்கிக்கொண்டும் செய்யலாமா மிஸி?"

"ஓம். தண்ணி அள்ளக்குள்ளயும் செய்யலாம். பக்கத்தில நிக்கிற ஆளுக்கும் தெரியாது."

இரண்டு கிழமை இதைச் செய்தார்கள். பேற்று நோ வந்ததும் எப்படி மூச்சு விடுவது, கருப்பை வாய் முழுதாகத் திறக்கும்வரை ஏன் முக்கக் கூடாது, பிள்ளை பிறந்த பிறகு எத்தனை நாள் பாரம் தூக்கக் கூடாது என்பதெல்லாம் மூன்றாம் கிழமைக்கு என்று வைத்திருந்தேன். மூன்றாம் கிழமை எங்களுக்குப் பொறுப்பான டொக்டர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஊரார் முறையிட்டு எழுதிய ஒரு பெட்டிசம் கிடந்தது. குடும்பப் பெண்களுக்கு மிட்வைஃப் வெட்கங்கெட்ட பாடம் நடத்துகிறாளாம். ஏழு கையெழுத்து. மூன்றாவது, மரகதத்தின் புருசன்.

"உமக்கு ஆர் இதைப் படிப்பிக்கச் சொன்னது?"

"பயிற்சியில சொல்லித் தந்தவை, சேர். இங்க நிறையப் பேருக்கு அடி இறங்கிக் கிடக்கு."

"நிறையைப் பாரும், குளிசையைக் குடும். பெட்டிசம் மேல போனா எனக்கல்லோ கரைச்சல். இனிச் செய்யமாட்டன் எண்டு எழுதித் தாரும்."

வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் என் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள். எழுதினேன். கையெழுத்து வைத்தேன்.

அந்த வியாழன் மரகதம் பாயை விரித்துவிட்டுக் காத்திருந்தாள். "மிச்சத்தைச் சொல்லித் தாங்க மிஸி." கொட்டில் நிறையப் பெண்கள். இவர்களில் எவள் வீட்டில் போய்ச் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது.

"டொக்டர் வேண்டாம் எண்டிட்டார். பாயைச் சுருட்டுங்க."

அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை.

3. பேறு

அவளுக்கு நோ வந்த அன்று என்னைக் கூப்பிடவில்லை. மிஸி வேண்டாம் என்று புருசன் சொல்லிவிட்டான். நோ விடியற்காலையே தொடங்கியிருந்தது. பகல் இரண்டு மணிக்குப் பயந்துபோன அக்காதான் வயல் வரம்பால் ஓடி வந்தாள். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.

மரகதம் கூரையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். இரண்டு பெண்கள் பின்னால் தாங்கி, "முக்குகா, முக்கு" என்றார்கள். காலையிலிருந்தே முக்க வைத்திருக்கிறார்கள். கையை விட்டுப் பார்த்தேன். வாய் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. திறந்த வரைக்கும் வீங்கியிருந்தது. படுக்க வைத்து, முக்காதே, சின்னச் சின்னதாக மூச்சு விடு என்றேன். பழகாத உடம்புக்கு அந்த நேரத்தில் எதுவும் ஏறாது.

பொழுது சாயப் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, நன்றாக அழுதான். தாய்க்குப் பெரிய கிழிசல். என்னால் தைக்க முடியாது. வண்டில் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தைத்து அனுப்பினார்கள். நாற்பது நாள் முடிய விதைப்புக் காலம். விதைநெல் சுமந்து வயல் வட்டைக்குப் போனாள்.

அடுத்த வருடம் பிள்ளைக்கு ஊசி போட வந்தவள் மறைப்புச் சீலைக்குப் பின்னால் போனாள். நான் கேட்க முன்பே கச்சையை அவிழ்த்தாள். அக்காவுக்கு இருந்ததுபோல அவ்வளவு இல்லை. ஆனால் இறங்கியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "எல்லாம் உன்ட புருசன் வச்ச கையெழுத்தால."

அவள் கச்சையை இறுக்கிக் கட்டினாள். "நீங்களும்தானே மிஸி கையெழுத்து வச்ச நீங்க."

ஊருக்கே அது தெரிந்திருந்தது.

4. சுற்றறிக்கை

எழுபதுகளில் எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. கர்ப்பிணிகளுக்கு இடுப்பு அடித்தளத் தசைப் பயிற்சி கற்பிக்க வேண்டும், பேற்றுக்கு முன்கூட்டியே ஆயத்தப்படுத்த வேண்டும் என்று படங்களுடன். உள்ளுக்கு இழு, ஐந்து எண்ணு, விடு. கீழே கையெழுத்து அதே டொக்டருடையது. அப்போது பெரிய பதவிக்கு வந்திருந்தார். அதை விளக்க வைத்த கூட்டத்தில் அவர் பேசியபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சிரித்தார்கள், செய்தார்கள். இருமினால் சிறுநீர் போவது நின்றுவிட்டது என்று பலர் வந்து சொன்னார்கள். மரகதம் இதை முழுதாகப் படித்திருந்தால் அவளுக்கு ஒன்றும் வந்திருக்காது என்று சத்தியம் செய்யமாட்டேன். நாள் முழுக்க முக்கியதும், பச்சை உடம்போடு சுமை தூக்கியதும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அந்த இரண்டும் கூடாது என்பதைத்தான் நான் சொல்லாமல் விட்டேன்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் புத்தி கேட்கிறார்கள். உத்தரவை மீறு என்று சொல்ல எனக்கு வாயில்லை. நான் மீறியவள் அல்ல. இதை மட்டும் சொல்கிறேன். கர்ப்பிணி ஒருத்தி கேட்கும்போது பதில் தெரிந்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வியாழக்கிழமைகள் வந்துகொண்டே இருக்கும். அவளுக்கு இருப்பது ஒன்பது மாதம்.