எட்டு லாரிகளும் எலுமிச்சம்பழக் கிண்ணங்களும்

மகளுக்கு ஒன்றரை வயதானபோது கும்மிடிப்பூண்டியில் வேலைக்குத் திரும்பினேன். பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் தொழிற்சாலை அது. நெல்லூர்ப் பக்கமிருந்து கம்பெனியின் எட்டு லாரிகளும், சில வாடகை லாரிகளும் இரும்பு ஏற்றி வரும். நான் லீவில் இருந்தபோது முதலாளி கம்பெனி லாரி ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா பொருத்தியிருந்தார். வண்டி எந்த ஊரில் இருக்கிறது என்று அது அரை மணிக்கு ஒரு முறை எஸ்.எம்.எஸ். அனுப்பும். அதைப் பார்ப்பதற்கென்றே எனக்கு ஒரு மேஜையும் ஒரு செல்போனும் கொடுத்தார்கள்.

வேலைக்குப் போகவா என்று கேட்டபோது கணவர், "உன் இஷ்டம்" என்றார். அந்த இரண்டு சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் பல நாள் யோசித்தேன். குழந்தையை மீஞ்சூரில் எங்கள் எதிர் வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. நல்ல மனுஷி.

இரண்டாவது மாதம் முதலாளி என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"இவ்ளோ செலவு பண்ணி மாட்டினோம். எவன் எங்க டீ குடிக்கிறான்னு தெரிஞ்சுது. வேற இன்னா பிரயோஜனம்? பாதி நேரம் சிக்னலும் இல்ல. இந்த மாசம் பாக்குறேம்மா. இல்லன்னா டப்பாவைக் கழட்டிடலாம். அப்புறம் உன் சீட்டுக்கும் வேலை இருக்காது."

தலையாட்டினேன். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ என்று சாயங்கால ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். அந்த வேலை எனக்கு வேண்டும். குழந்தைக்காக இரண்டு வருடம் வீட்டில் இருந்த பிறகு கிடைத்த மேஜை அது.

சிக்னல் ஏன் போகிறது என்பதை முதலில் பார்க்க நினைத்தேன். டப்பா விற்றவர்கள் வந்து சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். மறுநாள் காலை, இறக்குவதற்காக நின்றிருந்த ஒரு லாரியில் நானே ஏறிப் பார்த்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் டப்பாவின் ஏரியலை மூடியபடி ஒரு எவர்சில்வர் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. அதன் மேல் குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம்.

"இது என்னண்ணே?"

டிரைவர் அண்ணன் தடா பக்கத்துக்காரர். முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டார். "பழம் உருளாம இருக்கத்தாம்மா. வண்டிக்குத் திருஷ்டி."

அடுத்த லாரியில் ஏறினேன். அங்கேயும் கிண்ணம், அங்கேயும் பழம். மூன்றாவதிலும்.

"எல்லா வண்டிக்கும் ஒரே இடத்துலயா திருஷ்டி?"

கீழே நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் அடக்க முடியவில்லை.

"இன்னாம்மா பண்றது? டீ குடிச்சா மொதலாளி போனு. ஒண்ணுக்குப் போனா போனு. பேஜாரா பூடுச்சு. இங்க வந்து லோடு எறக்குற கிரேனுக்காக நாளெல்லாம் காஞ்சிகினு கெடக்குறோமே, அதுக்கு எந்த நைனாவாவது போன் பண்ணாரா?"

சொன்னால் முதலாளி அவர்களுக்கு அபராதம் போடுவார். சொல்லாவிட்டால் டப்பா போகும், நானும் போவேன். அன்று முழுக்கச் சொல்லவில்லை. குழப்பத்தில் மத்தியானம் எதிர் வீட்டு அக்காவுக்கு மூன்றாவது முறையாகப் போன் செய்து, குழந்தை என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"ஏண்டியம்மா, பத்து மணிக்கு இன்னா பண்ணாளோ அத்தைத்தான் பண்றா. எத்தினி மணிக்கு வருவேன்னு சொல்லு, சோறு ஊட்டாம வெச்சிருக்கேன், நீ வந்து ஊட்டலாம். அதை உட்டுட்டு சும்மா இன்னா பண்றா, இன்னா பண்றான்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்ல?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. முதலாளி டிரைவர்களுக்குச் செய்வதைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். போனை வைத்த பிறகும் அக்கா சொன்னது மனதில் ஓடியது. எத்தனை மணி என்று சொன்னால் அவருக்குப் பயன் உண்டு. டிரைவர்களுக்கும் அதுதானே வேண்டும்?

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த லாரி கேட்டுக்கு முதலில் வருகிறதோ, அதைத்தான் கிரேன் முதலில் இறக்கும். அதனால் எல்லோரும் சாப்பிடாமல் ஓட்டி, எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி, ஒரே நேரத்தில் வந்து வரிசையில் நிற்பார்கள். காலையில் ஐந்து வண்டி காத்திருக்கும். மத்தியானம் கிரேன் சும்மா நிற்கும்.

மறுநாள் டிரைவர்களைக் கூப்பிட்டேன்.

"இனிமே கேட்டுல வரிசை இல்லண்ணே. சூளூர்பேட்டையைத் தாண்டினதும் எனக்கு மெசேஜ் வரும். யார் முதல்ல தாண்டுறாங்களோ அவங்களுக்கு முதல் நேரம். எத்தனை மணிக்குன்னு நான் போன்ல சொல்றேன். அந்த நேரத்துக்கு வந்தா நேரா கிரேன்கிட்ட போகலாம். ஆனா கிண்ணம் இருந்தா மெசேஜ் வராது. உங்க முறை போயிடும்."

கிரேன்காரரிடமும் பேசி வைத்தேன். முதலாளியிடம், "ஒரு வாரம் நேரம் சொல்லி வண்டிகளைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் சார்" என்று மட்டும் சொன்னேன். "என்னமோ செய்" என்றார்.

முதல் வண்டி சூளூர்பேட்டையைத் தாண்டியது என்று செய்தி வந்ததும் அதற்கு முதல் நேரத்தைக் குறித்தேன். தடா அண்ணன்தான். அடுத்ததும் அதே அரை மணியில் தாண்டியது. அந்த இரண்டாவது வண்டி டிரைவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, உங்களுக்கு மூணு மணி. அவசரம் இல்ல. சாப்பிட்டு, டீ குடிச்சிட்டு வாங்க."

"இன்னாம்மா, மொதலாளிக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லையா?" என்றார்.

மூன்றாம் நாள் எட்டு லாரிகளிலும் கிண்ணம் இல்லை. ஒருவர் இட்லிக் கடையிலிருந்து தானே போன் செய்து, "என் மெசேஜு வந்துச்சா? நல்லாப் பாரும்மா!" என்று அதட்டினார். நான் குறித்துக்கொடுத்த நேரங்களில் இரண்டு தப்பாகிவிட்டன. ஒரு தடவை இரண்டு லாரி ஒன்றாக வந்து நின்றன. அழுகை வந்தது. அவர்களோ ஆளுக்கொரு பக்கம் நிழலில் படுத்து, "கணக்கு டீச்சர் சறுக்கிடுச்சு" என்று கிண்டல் செய்தார்கள்.

மாதக் கடைசியில் முதலாளி மத்தியானம் வந்தார். கேட்டுக்கு வெளியே கம்பெனி லாரி ஒன்றுகூட இல்லை. பதறிப்போய் உள்ளே ஓடிவந்தார்.

"இன்னிக்கு லோடே வரலியா?"

"நாலு இறக்கியாச்சு சார். அஞ்சாவது இப்ப கிரேன்ல இருக்கு. ஆறாவது எளாவூர்ல, மூணரைக்கு வரும்."

அவர் ஜன்னல் வழியாகக் கிரேனைப் பார்த்தார். என் போனை வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் கிண்ணக் கதையையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைப்பதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாடகை லாரி டிரைவர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "சார், நாங்க மட்டும் வெயில்ல நிக்கணுமா? எங்க வண்டிக்கும் ஒரு டப்பா மாட்டுங்க சார்."

"மாட்டிடலாம்பா." முதலாளி என் பக்கம் திரும்பினார். "அதையும் சேர்த்துப் பாத்துக்கறியாம்மா? முடியுமா, இல்ல குழந்தையை வெச்சிகினு கஷ்டமா?"

எதையும் ஒரு நாளாவது யோசிக்காமல் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான்.

"முடியும் சார்!" என்றேன். அது வந்த சத்தத்தில் கிரேன்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.