அரை இஞ்சு இறங்கிய தோள்

மண்ணரையில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், கட்டிங் டேபிளுக்கு மேலே ஓர் ஆணியில் பழுப்பேறிய அட்டை ஒன்று தொங்குகிறது. துணி வெட்டுவதற்கான அளவு அட்டை. அதன் இடது தோள் மட்டும் அரை இஞ்சு இறங்கியிருக்கும். என் மாமாவுக்காக நான் வரைந்தது.

மாமா கபடிக்காரர். அதற்காகவே ராணுவத்தில் வேலை கொடுத்தார்கள், ஆட்டந்தான் உத்தியோகம். ஒரு போட்டியில் பிசகிய இடது தோள் இறங்கியபடியே நின்றுவிட்டது. ஜெர்சி அந்தப் பக்கம் தொளதொளவென்று தொங்க, எதிரணி அதைப் பிடித்தே இழுத்தது. "துணியப் புடிச்சே உழுக வெக்கறானுங்க கண்ணு. புடிக்கறதுக்குத் துணியே இல்லாம வெட்டிக் குடு" என்றார். வெட்டிக் கொடுத்தேன். அதன்பின் அந்தத் தோளில் யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. எல்லையில் சண்டை மூண்டபோது ஆட்டக்காரர்களையும் அனுப்பினார்கள். சவப்பெட்டிதான் வந்தது, திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகம் பார்க்காததால் அத்தை நம்பவேயில்லை. மாமா படத்துக்கு மாலை போட விடவில்லை. வாசல் கதவைத் தாழிடவும் மாட்டார்.

போன தை மாதம் அவிநாசிப் பக்கம் மாமா பேரில் கபடிப் போட்டி நடந்தது. உள்ளூர் அணிக்கு எங்கள் கம்பெனி ஜெர்சிதான். மத்தியான வெயிலில் ஏழு பேரும் கைகோத்து நின்றார்கள். அத்தை என் மணிக்கட்டை இறுக்கினார். "பாரு கண்ணு. ஏழு பேருமே உங்க மாமாவாட்டவே நிக்கறாங்க. வந்துட்டாரு."

பார்த்தேன். ஏழு இடது தோள்களும் இறங்கியிருந்தன. அடுத்த கணமே புத்தி வேலை செய்தது. துணியை அடுக்கடுக்காகப் போட்டு வெட்டுகிறோம். அட்டை மாறினால் அத்தனை உருப்படியும் மாறும். புதிதாக வந்த கட்டிங் மாஸ்டர் தெரியாமல் ஆணியில் இருந்த மாமா அட்டையை எடுத்துவிட்டார்!

"இல்லீங்க அத்தை, அது வெட்டுத் தப்புங்க. மாமா அட்டைய வெச்சு வெட்டிப்போட்டாங்க. மாமா இனி வரமாட்டாருங்க" என்றேன், பெரிய புத்திசாலி போல. அத்தை வாய்விட்டு அழுதார், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக. அன்று சாயங்காலமே படத்துக்கு மாலை போட்டார்.

மறுநாள் மாஸ்டரைத் திட்டப் போனேன். அவர் ஒன்றும் புரியாமல் தான் வைத்து வெட்டிய அட்டையை எடுத்து நீட்டினார். வழக்கமான அட்டை, இரண்டு தோளும் சமம். மிச்சமிருந்த ஒரு ஜெர்சியை மடித்துத் தோளோடு தோள் வைத்துப் பார்த்தேன். நூலளவும் பிசகில்லை.

மாமாவின் அட்டை ஆணியிலேயே இருந்தது. அதன்மேல் வருஷக்கணக்கான பஞ்சுத் தூசி. ஒரு விரல் தடம்கூட இல்லை.

அத்தையிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் இப்போது கதவைத் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். நான்தான், அந்த அட்டைக்குக் கீழே நின்று வேலை பார்க்கையில் வாசலில் நிழல் விழுந்தால், முதலில் இடது தோளைப் பார்க்கிறேன்.