வெறும் டிபன் பாக்ஸ்

அந்தப் பெண் டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாள். மூன்று மாதமாக என்னிடம் கவுன்சிலிங்குக்கு வருகிறவள், அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தாள். தலை சீவி, பூ வைத்துப் பளிச்சென்று வந்திருந்தாள்.

"நல்லாயிட்டேங்க மேடம். மனசே லேசாயிடுச்சு. இனிமே வரலீங்க."

புருஷனுக்கு முகமெல்லாம் பல். "நாலு நாளா வூட்ல ஒரே சுறுசுறுப்புங்க. எல்லாம் உங்க புண்ணியம்! இண்டூர் பஸ்ஸு வந்துரும், கெளம்பறோங்க."

பாக்ஸைத் திறக்காமல் இருந்திருந்தால் நானும் சந்தோஷமாக அனுப்பி வைத்திருப்பேன். போன வாரம் சாப்பிடாமல் வந்தவளுக்கு என் எலுமிச்சைச் சோற்றை பாக்ஸோடு கொடுத்தனுப்பியிருந்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

எங்கள் பக்கம் வாங்கிய பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு தக்காளியாவது இருக்கும். இவள் போன மாதம் என் கிண்ணத்தை அவரைக்காயால் நிரப்பிக் கொண்டுவந்தவள்.

இருபத்தாறு வயதில் மாதக்கணக்காகப் படுத்தே கிடந்த நான், ஒரு காலையில் எழுந்து குளித்து, அக்கம்பக்கத்தில் வாங்கிய பாத்திரங்களையெல்லாம் இப்படித்தான் வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். செத்துப்போவதென்று முடிவெடுத்தாகிவிட்டது, அந்த நிம்மதி. தேறிவிட்டேன் என்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். இன்றைக்கும் மாத்திரை போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருகிறேன்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன் புருஷனிடம்.

அவர் முகம் சுண்டிப்போனது. "நல்லா இருக்கறவள எதுக்குங்க மறுபடி கெளர்றீங்க?"

"இருங்கன்னா இருங்க!" கத்திவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டேன். "செத்துப்போலாம்னு முடிவு பண்ணிட்டியாம்மா?"

சிரிப்பு அப்படியே நின்றது. "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க."

கீழே பஸ் ஹாரன் அடித்தது. "பஸ்ஸு வந்துருச்சுங்க!" என்று புருஷன் கதவைத் தட்டினார். அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். இன்னும் ஒரு நிமிஷம் போனால் போய்விடுவாள். சொந்தக் கதையை நோயாளியிடம் சொல்லவே கூடாது என்றுதான் எனக்குப் பாடம் சொல்லித் தந்திருந்தார்கள். அட, பாடமாவது ஒன்றாவது! அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நானும் எல்லா ஏனத்தையும் வெறுசா குடுத்துட்டு சாவப் போனவதான். பக்கத்து வூட்டு அக்கா மட்டும், 'ஒரு பிடி சக்கர போட ஒனக்குக் கை வராதாடீ'ன்னு சண்ட போட வந்துச்சு. அதனாலதான் இன்னிக்கு ஒன் முன்னாடி உக்காந்திருக்கறேன்."

அவள் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு வூட்டுக்குக் குடுத்துட்டு வந்தேங்க மேடம். ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கலீங்க."

அவள் கையை விடாமலே எட்டிக் கதவைத் திறந்தேன்.

"பஸ்ஸு போவட்டும்" என்றேன் புருஷனிடம். "உள்ள வந்து உக்காருங்க."