பதினோரு அப்பாக்கள்

அன்று தியேட்டர் வாசலில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், அப்போது மூன்றாம் வகுப்பு. என் நாலு வயதுத் தம்பி, மூக்குக்குள் ஒரு காய்ந்த பட்டாணியோடு. டிக்கெட் கிழிக்கும் அண்ணன். மேனேஜர். கேன்டீன்காரர். மேலே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர். பிறகு பதினோரு அப்பாக்கள். அவர்களில் ஒருவர்தான் என் அப்பா.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். இப்போதும் கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவள்தான். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோனது. மேலே படித்திருந்தால் என் பயத்துக்கு ஒரு பெரிய பெயர் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். வீட்டில் அதை ஒரு சீக்கு மாதிரி பார்த்துக்கொண்டார்கள். என் காதில் விழக்கூடாத எதையாவது பேச வேண்டுமென்றால் அப்பாவும் அம்மாவும் துணி எடுக்கப் போவதாகச் சொல்லி மொட்டைமாடிக்குப் போவார்கள். கொடியில் துணியே இருக்காது.

அப்போது நாங்கள் அம்பத்தூரில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். அந்த வருஷம் வீட்டில் இரண்டு விஷயம் புதிதாக நடந்தது. ஒன்று, அம்மா திடீரென்று இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போக ஆரம்பித்தாள். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றாள். இன்னொன்று, எனக்கு ஒரு சட்டம் போட்டாள்.

"யார் வந்து கேட்டாலும் அப்பா பேர சொல்லக்கூடாது. தெரியாதுன்னு சொல்லு. உன் பேரும் சொல்லாத. ஊடு எதுன்னு கேட்டாலும் தெரியாது."

வாரம் ஒரு தடவை ஒருவர் பைக்கில் வந்து கீழே நின்று ஹார்ன் அடிப்பார். அன்றைக்கெல்லாம் அப்பாவின் பெயர் என் வயிற்றுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. எனக்கு மதியம்தான் பரீட்சை. அம்மா வேலைக்குப் போனபிறகு தம்பியைக் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். அன்று தெருவில் தண்ணி லாரி வந்துவிட்டது. அக்கா எங்கள் இருவரையும் மாடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் குடத்தோடு ஓடினார். நான் சுவரைப் பார்த்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி சமையலறையில் பட்டாணி டப்பாவைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் திக்கி நின்றபோது பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது.

"அக்கா, உள்ள பூந்துச்சு."

வலது மூக்கு லேசாகப் புடைத்திருந்தது. அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். உள்ளே பச்சையாக ஒன்று என்னைப் பார்த்தது.

அம்மா சுண்டலுக்குப் பட்டாணி ஊறவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி கால் பாத்திரம் போட்டால் காலையில் பாத்திரம் நிறைந்திருக்கும். தம்பிக்கோ வருஷம் பூராவும் சளி. அந்த ஈரத்தில் பட்டாணி இந்நேரம் ஊறத் தொடங்கியிருக்கும். சாயங்காலத்துக்குள் மூக்கு வெடிக்கும், இல்லையென்றால் மூச்சு நிற்கும், இல்லையென்றால் அது மேலே ஏறி மூளையில் முளை விடும். இதில் எது முதலில் நடக்கும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

தம்பியை இழுத்துக்கொண்டு கீழே ஓடினேன். அக்கா லாரிப் பக்கத்தில் வரிசையில் நின்றிருந்தார். மூக்கைப் பார்த்ததும் அவருக்கே முகம் மாறியது.

"கையி வெக்காத, இன்னும் உள்ள போய்டும். டாக்டராண்ட தூக்கினு போவணும். உங்கப்பாவ இட்டாந்துடலாம், தியேட்டர்லதான..." என்றவர், பக்கத்தில் நின்ற பெண் இடித்ததும் நிறுத்திக்கொண்டார். "இரு, இந்தக் கொடத்த ரொப்பிட்டு வரேன்."

குடம் நிரம்பும்வரை பட்டாணி பொறுக்குமா. அக்கா சொன்னதில் எனக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. வேலைக்குப் போன அப்பா எதற்காகத் தியேட்டரில் இருக்கிறார் என்றுகூடத் தோன்றவில்லை. அப்பா இருக்கும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது என்பது மட்டும்தான் ஏறியது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். கேட் மூடியிருந்தது. ரயில் போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு, "வாயால மூச்சு வுடு, வாயால மூச்சு வுடு" என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே நின்றேன்.

கேட்டைத் தாண்டியதும் எங்கள் ஊர்த் தியேட்டர். பெரிய தியேட்டர்களில் வெள்ளிக்கிழமை வரும் புதுப்படம் இங்கேயும் அதே வெள்ளிக்கிழமை வந்துவிடும். அதில் மேனேஜருக்கு ரொம்பப் பெருமை. டவுனுக்குப் போய்ப் படம் பார்க்கிறவர்களைத் தெருவில் பார்த்தால் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். அன்று காலைக் காட்சி தொடங்கிவிட்டிருந்தது. டிக்கெட் கிழிக்கும் அண்ணன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாப்பா, தம்பி ஏன் அழுவுறான்?"

"அப்பாவப் பாக்கணும்."

"உள்ள கீறாரா? வா, டார்ச் அட்சிப் பாக்கலாம்."

கதவைத் திறந்தார். உள்ளே கும்மிருட்டு. திரையில் யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்துவிட்டேன். தம்பி அலறலுக்கு அலறல் பதில் கொடுத்தான். சத்தம் கேட்டு மேனேஜர் சாவிக்கொத்தோடு வந்தார்.

அந்தக் காலத்தில் தியேட்டரில் ஒரு வசதி இருந்தது. உள்ளே இருப்பவரை அவசரமாகக் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டில் மை தடவி, ஊசியால் கீறி எழுதுவார்கள். படம் ஓடும்போதே அந்த எழுத்து திரையில் விழும். பட்டாபிராமிலிருந்து வந்திருக்கும் இன்னார் உடனே வெளியே வரவும் என்று அதில் இருக்கும். அதற்கு ஸ்லைடு என்று பெயர்.

"அழுவாதம்மா, ஸ்லைடு போட்டுடலாம். உங்கப்பா பேரு இன்னா?"

எனக்கு ஹார்ன் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

"தெரியாது."

"உன் பேரு?"

"தெரியாது."

"ஊடாவது எங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

மேனேஜர் டிக்கெட் அண்ணனைப் பார்த்தார். "போலீசு புடிச்சாலும் வாயத் தொறக்க மாட்டா போலகீது. ஏம்மா, உங்கப்பா பாக்க எப்டி இருப்பாரு?"

"மீசை வெச்சிருப்பாரு."

"உள்ள மீசை இல்லாதவன் எவன் கீறான்? ஊட்ல அவர இன்னான்னு கூப்டுவீங்க?"

"அப்பான்னு."

"அம்மா?"

"இன்னாங்கன்னு."

மேனேஜர் கொஞ்ச நேரம் சாவிக்கொத்தைச் சுற்றினார். தம்பி மூக்கை உறிஞ்சினான். அதைப் பார்த்ததும் அவர் அண்ணாந்து ஆபரேட்டர் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"டேய், அப்பா உடனே வாசலுக்கு வரவும். அவசரம். எழுதுடா."

"யார் அப்பாண்ணே?"

"வெறும் அப்பான்னு போடு. வர்றவரு வரட்டும்."

ஸ்லைடு திரையில் விழுந்ததை நான் பார்க்கவில்லை. கதவு திறந்ததைத்தான் பார்த்தேன். முதலில் ஒருவர் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் பின்னால் இருவர். பிறகு ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நாலைந்து பேர். ஒருவர் வரும்போதே "எங்க ஊட்டுப் பையனுக்கா, மூத்தவனா சின்னவனா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோர் முகத்திலும் என் பயந்த முகம் இருந்தது. அதுவரை பெரியவர்களுக்கும் அப்படி ஒரு முகம் உண்டு என்று எனக்குத் தெரியாது. என் தம்பியைப் பார்த்தார்கள், தங்கள் பிள்ளை இல்லை என்று தெரிந்தது, ஒரு பெருமூச்சு விட்டார்கள். ஆனால் ஒருவர்கூடப் படத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

கடைசியாக வந்தார் என் அப்பா. கையில் டிபன் பாக்ஸ். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு, "பட்டாணி ஊறுதுப்பா" என்றேன். தம்பியே தன் மூக்கைக் காட்டி விஷயத்தை விளக்கினான்.

பதினோரு பேருக்கும் பதினோரு வைத்தியம் தெரிந்திருந்தது. ஹேர்பின் கொண்டுவரச் சொன்னார் ஒருவர். "பின்ன வுட்டு மூளைய கிளறப் போறியா மச்சான்" என்று இன்னொருவர் அவரைத் தள்ளினார். தலைகீழாகப் பிடித்துத் தட்டலாம் என்றார் ஒருவர். "அவன் இன்னா உண்டியலா?" என்றார் கேன்டீன்காரர். அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பிவிட்டார். அப்போது வயதான ஒருவர், "அண்ணாத்தே, ஒரே ஒரு நிமிசம் குடு எனக்கு" என்று இடுப்பிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். மூக்குப்பொடி.

ஒரு சிட்டிகையைத் தம்பியின் இடது மூக்கருகே காட்டினார். தம்பி ஆர்வமாக மோந்தான். கண் கலங்கி, வாய் பிளந்து, முகம் கோணிக்கொண்டு வந்தது. "தோ வருது, அந்தப் பக்கம் அமுத்து" என்றார் பெரியவர். அப்பா இடது மூக்கை அழுத்தினார். தம்பி தும்மிய தும்மலில் பட்டாணி பறந்துபோய் மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

யாரோ கை தட்டினார்கள். உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது. பாதி ஜனம் வாசலில் நிற்பதைப் பார்த்து ஆபரேட்டர் படத்தை நிறுத்தியிருந்தார், அதற்கான விசில் அது. மேனேஜர் பட்டாணியை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "ஊறல பாப்பா, அப்டியேகீது" என்று என்னிடம் கொடுத்தார்.

பயம் போனதும்தான் எனக்கு மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. அப்பா கையில் மட்டுமல்ல, அநேகமாக எல்லோர் கையிலும் டிபன் பாக்ஸ் இருந்தது.

"உங்களுக்கெல்லாம் இன்னிக்கு வேலை இல்லையா?" என்று கேட்டேன்.

அப்பா குனிந்து தம்பியின் மூக்கைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மூக்கு. மூக்குப்பொடிக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"இன்னிக்கு எங்க கம்பெனிக்குப் பொறந்த நாளும்மா. எல்லாருக்கும் லீவு வுட்டுட்டாங்க."

"கேக்கு வெட்டினாங்களா?"

இப்போது அவரும் மாட்டிக்கொண்டார். மேனேஜர் திரும்பி, "இன்னாய்யா பாத்துகினு நிக்கிற, எடுத்துனு வா" என்றார். கேன்டீன்காரர் உள்ளே போய் ஒரு தட்டு நிறைய கிரீம் பன் கொண்டுவந்து வைத்தார். தியேட்டர் வாசலில் பதினோரு அப்பாக்களும் கிரீம் பன் தின்றார்கள். மீசையில் கிரீமோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் தன் பன்னைக் காகிதத்தில் சுற்றி டிபன் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் உள்ளே போனார்கள், படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. அப்பா எங்களோடு வந்துவிட்டார். அந்தப் படத்தின் முடிவை அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் முதலில் கம்பெனிப் பிறந்தநாளைத்தான் சொன்னேன், பட்டாணியைப் பிறகு. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா காலண்டரைப் பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அடுத்த வருஷம் அதே பரீட்சை சமயத்தில், "கம்பெனிக்குப் பொறந்த நாள் வந்துடுச்சுப்பா" என்று நான் ஞாபகப்படுத்தியபோது அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டத் தொடங்கியிருந்தார். "ஆமாம்மா" என்று சொல்லி அன்று கிரீம் பன் வாங்கிவந்தார்.

நான் படிப்பை விட்டு அம்மாவோடு அதே எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா சொன்னாள். பட்டாணி நாளன்று பாடித் தொழிற்சாலை மூடி மூன்று மாதம் ஆகியிருந்ததாம். பைக்கில் வந்து ஹார்ன் அடித்தவர் வட்டிக்காரராம். திறந்துவிடுவார்கள் என்று தினமும் காலையில் கம்பெனி கேட் முன்னால் போய் நிற்பார்களாம். கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடுவார்கள். அதற்குமேல் எங்கே போவது. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் ஏன் என்று கேட்கும். என்னைப் போல ஒரு பிள்ளை இருந்தால் கேட்டதோடு நிற்கவும் நிற்காது. ஒருநாள் தியேட்டர் மர நிழலில் நின்ற அவர்களை மேனேஜர் உள்ளே கூப்பிட்டார். புதுப்படம், காலி சீட்டு, ஃபேன் சும்மாதான் ஓடுகிறது என்றார். டிக்கெட்டைக் கிழித்தே கொடுத்தார், இனாமாக உட்கார்ந்த மாதிரி அவர்களுக்குத் தோன்றக்கூடாது என்று. காசைக் கம்பெனி திறந்ததும் தந்தால் போதும் என்றார்.

அந்தத் தியேட்டர் இன்னமும் ஓடுகிறது. ஸ்லைடு போய்விட்டது, சீட்டெல்லாம் மாற்றிவிட்டார்கள், புதுப்படம் மட்டும் அதே வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறது. போன மாதம் அப்பாவையும் என் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வழியில் இரண்டு தடவை கேஸைப் பற்றிக் கேட்டேன், அப்பா இரண்டு தடவையும் மூடியாச்சு என்றார். மேனேஜருக்கு நன்றாக வயதாகிவிட்டது. கவுன்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அப்பா வழக்கம்போல டிக்கெட்டுக்கு மேல் தனியாகப் பணத்தை எடுத்து நீட்டினார்.

"மொதல்ல கம்பெனி தெறக்கட்டும் நைனா. பேச்சு பேச்சுதான்" என்று மேனேஜர் கையைத் தட்டிவிட்டார்.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது பத்து மாடிக்கு வீடுகள் நிற்கின்றன. அப்பா பணத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் கணக்குப்படி பாக்கி அறுநூற்று நாற்பது ரூபாய்.