நண்டும் இரும்புக் கவசமும்

என் அண்ணனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். நல்ல வேளையாக லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை வாய்த்தது. லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்துக்குத்தான் அவனைக் கூப்பிடுவார்கள். ஆகவே எங்கே போனாலும் படியேறித்தான் போக வேண்டும். அவன் உடம்புக்கு அது சரியாகத்தான் இருந்தது.

அண்ணியைப் பிரிந்ததும் என் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டான். பள்ளியில் கடைசி வருடம் படிக்கும் மகள், அம்மாவோடு வேறு ஊரில் இருந்தாள். போன் செய்தால் "ம்", "சரிப்பா", "அப்புறம் பேசறேன்". அவ்வளவுதான். போனை வைத்த பிறகு இவன் மேலும் கீழுமாக அலைவான். எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

ஒருநாள் அவளே சொன்னாள்: "நான் விளையாடற கேமுக்கு வாங்கப்பா. எங்க டீமுக்கு ஒரு பெரிய மந்திரவாதி வேணும். நெருப்புப் பல்லிய அடிக்கணும்."

பிரிந்த பிறகு அவள் அப்பாவிடம் கேட்ட முதல் விஷயம் அது. விடுவானா?

எப்படிச் சீக்கிரம் மந்திரத்தில் தேறுவது என்று யார் யாரிடமோ விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தான். அந்த விளையாட்டில் மந்திரம் பலித்தாலும் தவறினாலும் புள்ளி உண்டு. கடற்கரையில் ஒரு பாறை இருக்கிறது. அதற்குப் பின்னால் நின்றால் நண்டு கிட்டே வர முடியாமல் அங்கேயே முட்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் நண்டு செத்துவிட்டால் வேறு நண்டைத் தேட வேண்டும், நேரம் வீண். அதற்காக உச்சி முதல் பாதம் வரை இரும்புக் கவசம். இரும்பு போட்டவன் விடும் மந்திரம் குறி தவறிவிடும். நண்டுக்கு வலிக்காது, இவனுக்குப் புள்ளி ஏறும். ஒருமுறை தொட்டுவிட்டால் மந்திரம் தானாகவே போய்க்கொண்டிருக்கும். சார்ஜ் குறையக்கூடாது என்று சத்தத்தை நிறுத்தி, மற்றவர்கள் எழுதுவது தெரிகிற பேச்சுப் பெட்டியையும் மூடிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிடுவான். அவ்வப்போது கிரீஸ் விரலால் ஒரு தட்டு.

"இதுல நீ எங்கண்ணா விளையாடற? போன்தானே விளையாடுது?" என்றேன்.

"உனக்குப் புரியாது. இதுல ஒரு நிமிஷம்கூட வீணாகாது."

மகள் கூப்பிடுவாள்: "வாங்கப்பா, சும்மா சுத்தலாம். கோட்டையைக் காட்டறேன்."

"லெவல் ஏறட்டும்டா கண்ணா. அப்புறம் வரேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூப்பிடும்போது போகாமல் அப்படி என்ன லெவல்?

கடைசியில் பல்லியை அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. என் கூடத்தில் போனை வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன். போனில் மகளும் அவள் நண்பர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். பல்லி வந்தது. அண்ணன் தன் பெரிய பனி மந்திரத்தை விட்டான். 'தவறியது' என்று எழுத்து மிதந்தது. மறுபடியும் விட்டான். மறுபடியும் தவறியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக விழுந்தார்கள்.

"அங்கிள், என்ன போட்டிருக்கீங்க?" என்று ஒரு பையன் அலறினான்.

எட்டிப் பார்த்தேன். தலை முதல் கால் வரை இரும்பு. மூக்கில் இருக்கும் கண்ணாடியை மறப்பதுபோல மறந்திருக்கிறான்.

எல்லோரும் செத்தார்கள். "யாரு இவரைக் கூட்டிட்டு வந்தது?" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். மகள் மட்டும் லைனில் இருந்தாள்.

"சாரிடா கண்ணா. கவசத்தைக் கழட்ட மறந்துட்டேன்."

"பரவாயில்லப்பா. சண்டைன்னா கழட்டிடுவீங்கன்னு நெனச்சேன். நண்டுகிட்ட அதோடதான் நிப்பீங்க, பாத்திருக்கேன்."

"நீ எப்படா பாத்த?"

"ஸ்கூல் விட்டதும் தினமும் அங்க வருவேன். பக்கத்துல நின்னு, 'அப்பா, இருக்கீங்களா'ன்னு கேப்பேன். நீங்க மந்திரம் போட்டுட்டே இருப்பீங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுவேன்."

அண்ணனுக்கு அழுகை முட்டியது.

மறுநாள் வேலையைப் பாதியில் இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். கைகூடக் கழுவாமல் கூடத்தில் உட்கார்ந்து கடற்கரைக்குப் போனான். கவசத்தைக் கழற்றி ஒரே ஒரு மந்திரம் விட்டான், நண்டு மல்லாந்தது. பேச்சுப் பெட்டியைத் திறந்தான். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு வர மாட்டாளோ?" என்றான். "காபி ஆறுது, குடி" என்றேன். குடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, பச்சை அங்கி போட்ட ஒரு பெண் மணலில் நடந்து வந்து பாறை அருகே நின்றாள். அவள் கேட்பதற்குள் அண்ணன் எழுதிவிட்டான்: "இருக்கேன்."