துப்பட்டாக்காரனும் டவர் பாறையும்

ஜமுனாமரத்தூருக்கு மேலே எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பக்கம் அம்மா புளி உடைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு பக்கம் நான் ஒரு சூப்பர்ஹீரோவைப் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள், அதுதான் என் வேலை. வெளியாகப்போகும் வீடியோ கேம் ஒன்று கம்ப்யூட்டரில் எப்படி ஓடுகிறது, டிவியில் மாட்டும் கன்சோலில் எப்படி, கையில் பிடித்து ஆடும் கருவியில் எப்படி, செல்போனில் எப்படி என்று பார்த்துப் பட்டியல் போட வேண்டும். கன்சோலை பெங்களூர் ஆபீசிலேயே முடித்துவிட்டேன். மற்ற மூன்றையும் பையில் போட்டு மலைக்குத் தூக்கி வந்திருக்கிறேன். "இதுக்கா இன்ஜினியரிங் படிச்ச?" என்று பெரியப்பா கேட்கிறார். நியாயமான கேள்வி.

பட்டியலில் இதுவரை: கம்ப்யூட்டரில் அவன் முதுகில் பறக்கும் துப்பட்டா இழை இழையாக அசைகிறது. கன்சோலில் இழை இல்லை, மடிப்பு மட்டும். கையடக்கக் கருவியில் நனைந்த துண்டு மாதிரி தொங்குகிறது. செல்போனில் முதுகில் ஒட்டிய அட்டை, அதன் குறுக்கே சோப்பு விளம்பரம். (ஆபீசில் துப்பட்டா என்று எழுத மாட்டேன். அங்கே அதற்கு மரியாதையான வேறு பெயர் உண்டு.) இந்த வித்தியாசங்களுக்காக இணையத்தில் மீசை முளைத்த ஆண்கள் ஒருவர் அம்மாவை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். 'என் கருவியில் மழைத்துளி தெரிகிறது, உன் கருவியில் தெரியவில்லை' என்று மூன்று மணி நேரம் வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூரை ஒழுகும் வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தால் மழைத்துளி மேல் இவ்வளவு ஆசை வராது.

நான்கிலும் அவன் செய்வது ஒன்றுதான். உயரமான கட்டடத்தில் ஏறுகிறான், விழுகிறவர்களைப் பிடிக்கிறான். கட்டடம் இல்லாத ஊரை எந்தக் கருவியிலும் அவன் காப்பாற்றியதில்லை. எங்கள் மலையில் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய அவசரங்கள் நிறைய இருந்தன. அதற்கெல்லாம் கயிற்றுக்கட்டில்தான் வந்தது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது புளித்தூசி மூக்கில் ஏறியது. உடனே ஐந்தாம் நம்பர் பட்டன் ஞாபகம் வந்துவிட்டது.

பெரியப்பாவிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. அப்போது எங்கள் ஊருக்கே அது ஒன்றுதான். அதற்குள் வாங்கும்போதே ஒரு கேம் இருந்தது: கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஆள், முதுகில் நான்கு சிவப்புப் புள்ளி. அந்த நான்கு புள்ளியைப் பார்த்து அவனுக்குத் துப்பட்டாக்காரன் என்று பெயர் வைத்தது பெரியப்பா மகள் மல்லிகா அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவள். ரெண்டு அழுத்தினால் பறப்பான், ஐந்து அழுத்தினால் குத்துவான். புளி உடைத்த கையோடு ஆடுவோம், அதனால் ஐந்து எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும்.

ஆடுவது வீட்டில் அல்ல. ஊருக்கு மேலே டவர் பாறை என்று ஒன்று இருந்தது. அங்கே ஏறினால்தான் போனில் இரண்டு கோடு சிக்னல் வரும். வீட்டில் இருக்கும்போது போனை அணைத்து ஆணியில் மாட்டிவிடுவார் பெரியப்பா. ஆகவே போன் என்பது பாறையில் வேலை செய்யும் பொருள், கீழே அது வெறும் டப்பா என்பது எங்கள் முடிவு. பேசுவதற்கே டவர் வேண்டும் என்றால் பறப்பதற்கு வேண்டாமா? இந்த அறிவியலைக் கண்டுபிடித்தது நான். எட்டாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவள் சொன்னால் யார் மறுப்பார்கள்? கேம் திணறினால், "கெழக்கால திரும்புக்கா, டவர் கம்மியா கீது" என்பேன். போனின் சொந்தக்காரர் மகள், பாவம், கிழக்கே திரும்புவாள்.

மொத்தம் ஏழு லெவல். என்னால் மூன்றைத் தாண்ட முடியவில்லை. அக்கா ஆறை முடித்துவிட்டாள். ஏழாவது லெவலில் ஒரு கோட்டைக் கதவு மட்டும் தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. அந்த சமயம்தான் அவளுக்கு வாணியம்பாடி ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது. பன்னிரண்டாவது முடித்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமை புறப்பட வேண்டும். "அந்தக் கதவுக்குப் பின்னால இன்னா கீதுன்னு பாத்துட்டுத்தான்டி பஸ் ஏறுவேன்" என்றாள்.

வியாழக்கிழமை மழை பிடித்தது. வெள்ளியும் விடவில்லை. பாறை பாசி பிடித்து வழுக்கும், யாரும் ஏறக்கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். சனிக்கிழமை அக்கா ஆணியிலிருந்து போனை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வூட்டுலயே ஒரு தடவ தொறந்து பாக்கலாமாடி?"

"டவர் இல்லாம தொறந்தா ஆறு லெவலும் அழிஞ்சிடும்."

"நெசமாவா?"

"உனக்கு இன்னாக்கா தெரியும் இதெல்லாம்?"

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொன்ன தோரணை இன்றைக்கும் காதில் கேட்கிறது. இப்போது மீட்டிங்குகளில் அதே தோரணையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் உடனே அடையாளம் தெரிந்துவிடும். எதையும் சோதிக்காதவர்கள்.

அக்கா போனைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். மறுநாள் மழையிலேயே பஸ் ஏறினாள்.

அந்த வருஷமே நானும் ஆலங்காயத்தில் ஹாஸ்டலில் சேர்ந்தேன். இரண்டு மாதம் கழித்து ஐந்தாம் நம்பர் அடியோடு ஒட்டிக்கொண்டது என்று பெரியப்பா போனை என்னிடம் கொடுத்தனுப்பினார். பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் அதைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, போன்ல ரசம் வச்சீங்களா?"

துடைத்து மூடினார். பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் திறந்தது எதை என்கிறீர்கள்? துப்பட்டாக்காரனை. அவன் ஜம்மென்று பறந்தான். சிம் கார்டு மேசைமேல், ஸ்க்ரூ டிரைவர் பக்கத்தில் கிடந்தது.

"பாய், டவர்..."

"அதுக்கு டவர் எதுக்கும்மா? போனுக்குள்ளயே கீதே."

முதல் லெவலிலிருந்து பறந்தான். "பழசெல்லாம் அழிச்சிட்டு புதுசா போட்டுட்டேன், இனிமே தொந்தரவு இருக்காது" என்றார் பாய். அக்காவின் ஆறு லெவலும் போயிருந்தது. டவர் இல்லாமல் திறந்ததால் அல்ல. அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்தபோதும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு வந்த எந்தத் தீபாவளிக்கும்.

அக்கா இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர். நேற்று லீவில் வந்தாள். இன்று காலை அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தபோது என் லேப்டாப்பில் துப்பட்டா நடுவானில் நின்றது. 'இணைப்பு இல்லை. மீண்டும் முயலவும்.' காற்றடித்தால் இங்கே நெட் போய்விடும்.

"இன்னாடி, நின்னுட்டான்?"

"நெட் இல்லக்கா."

"யார் கூடவாவது சேந்து ஆடுறியா?"

"இல்ல, தனியாத்தான்."

"தனியா ஆடுறதுக்கு நெட் எதுக்கு?"

தொண்ணூறு ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற கேம். அதற்கு நெட் எதுக்கு என்று எங்கள் ஆபீசில் யாரும் கேட்டதில்லை. நான் பதிலுக்கு பாய் கடைக் கதையைச் சொன்னேன். சிம் கார்டு, மேசை, ஆறு லெவல், எல்லாம்.

அக்கா இரண்டு புளியை உடைத்துக் கொட்டையைத் தட்டில் போட்டாள்.

"அப்போ அந்த மூணு நாளும் வூட்டுல உக்காந்தே ஆடியிருக்கலாம்?"

"ம்."

"பாவி." இன்னொரு புளியை எடுத்தாள். "போவட்டும் விடு. டவர் இல்லாம ஆட முடியாதுன்னு நீ அப்பவே சரியாத்தான் சொல்லிக்கீற. உன் கம்பெனிக்காரனுங்களுக்குத்தான் இவ்ளோ லேட்டா புரிஞ்சிருக்குது."

அம்மாவுக்குப் புரியவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் அக்கா கேட்டாள், "அந்தக் கதவுக்குப் பின்னால இன்னாடி இருந்துச்சு?"

தேடாமலா இருந்திருப்பேன்? அந்த பட்டன் போன் கேமைச் செய்த கம்பெனி இப்போது இல்லை, எந்தக் கருவியிலும் அது கிடைப்பதில்லை. மழைத்துளிக்கு மூன்று மணி நேரம் வீடியோ போடுகிறவர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு கேம் இருந்தது தெரியாது. போனைப் பெரியப்பா பழைய சாமான்காரரிடம் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினார். அந்தக் குடமும் உடைந்துவிட்டது. பாறையை உடைத்து, அந்த இடத்திலேயே நிஜ டவர் போட்டிருக்கிறார்கள். காற்றடித்தால் அது வேலை செய்வதில்லை.

நெட் வரும்வரை பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன். 'பட்டன் போன், ஏழாவது லெவல்: சோதிக்கப்படவில்லை.'